எச்சில் தொட்ட இழை

சென்னை,
20.6.2004

அன்புள்ள அண்ணிக்கு,

துர்கா எழுதுவது. எழுத்து கோணலாக இருக்கும். ஊசி ஏற்றிய கையில் வீக்கம் இன்னும் வடியவில்லை. நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியுமாக ஒரே வீட்டில் இருந்து ஒரே தறியில் உட்கார்ந்த நமக்குக் கடிதம் எழுத வேண்டிய வேலையே இதுவரை வந்ததில்லை. சண்டையானாலும் சமாதானமானாலும் தறியிலேயே முடிந்துவிடும். எதிர்வீட்டு நம்பருக்குப் போன் போட்டு உங்களைக் கூப்பிடச் சொல்லலாம்தான். போட்டு என்ன செய்ய? எனக்குக் காது போய்விட்டது அண்ணி. இடது காது சுத்தமாக இல்லை. வலது காதில், யாராவது ஒட்டி வந்து கத்தினால், கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுகிற மாதிரி ஏதோ கேட்கிறது. மூளைக்காய்ச்சல் வந்தால் சிலருக்கு இப்படி ஆகுமாம். உயிரை விட்டுவிட்டுக் காதை மட்டும் எடுத்துக்கொண்டு போயிற்றே, அதுவரைக்கும் கும்பிடு போடுகிறேன்.

அந்த உயிரும் உங்களால் நின்றது. காய்ச்சலோடு தறியில் உட்கார்ந்திருந்த என்னை, "இன்னாடி இது, கூப்ட்டா தலைய மட்டும் திருப்பாம ஒடம்ப மொத்தமா திருப்பற?" என்று கேட்டது நீங்கள்தான். எனக்கு அது உறைக்கவே இல்லை. கழுத்து மரக்கட்டையாகிவிட்டது என்று நீங்கள்தான் கண்டுபிடித்து, கையில் இருந்த தறி நாடாவைப் போட்டுவிட்டு ஓடிப்போய் ஆட்டோ கொண்டுவந்தீர்கள். அப்புறம் நினைவு வந்தது இந்த வார்டில்தான்.

நீங்கள் கோபித்துக்கொண்டு, குழந்தை குழலியையும் கூட்டிக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறியதற்கு அப்புறம் நடந்ததைச் சொல்கிறேன். இங்கே ஸுஷ்மா என்று ஒரு டாக்டரம்மா. நம் சின்ன காஞ்சிபுரத்துப் பெண்தான். எனக்கு எச்.ஐ.வி. டெஸ்ட் எடுக்கலாமா என்று அவர் உங்களைக் கேட்டாராம். "குடும்பத்துப் பொண்ணப் பாத்துக் கேக்கற கேள்வியா இது?" என்று நீங்கள் வார்டே அதிரும்படி கத்தினீர்களாம். பக்கத்துக் கட்டில் மணியம்மாள் இடுப்பில் கை வைத்து எனக்கு நடித்தே காட்டினாள். அசல் நீங்களேதான்.

எனக்குத் தெளிந்ததும் டாக்டரம்மா காகிதத்தில் எழுதி எழுதிக் காட்டினார். முதுகில் ஊசி போட்டு எடுத்த நீரை வளர்த்துப் பார்த்ததில் ஒரு கிருமி முளைத்திருக்கிறது. டைபாய்டு கிருமிக்கு அது பங்காளியாம். வயிற்றைக் கெடுக்கிற கிருமி அது. மூளைக்கு ஏறுவது அபூர்வம். பச்சைக் குழந்தைகளுக்கு எப்போதாவது ஏறும். "வளர்ந்த ஆளுக்கு இது ஏறினால், உடம்பில் காவலுக்கு ஆள் இல்லையோ என்று பார்க்க வேண்டும். அதனால்தான் கேட்டேன். உங்களைக் கேவலப்படுத்த இல்லை" என்று எழுதினார். நானே கையெழுத்துப் போட்டேன். ரத்தம் எடுத்தார்கள்.

இருக்கிறது அண்ணி.

உங்கள் தம்பி கட்டிய தாலியைத் தவிர எனக்கு வேறு கதை கிடையாது என்று உங்களுக்குத் தெரியும். அவருக்கு எங்கே, எப்படி வந்தது என்று நான் கேட்கப்போவதில்லை. போனவரை உலுக்கி எனக்கு என்ன ஆகப்போகிறது? எனக்கு இப்போது ஒரே ஒரு கவலைதான். குழலியை நான் பெற்று, பால் கொடுத்து வளர்த்தேன். அவளுக்கும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்கிறார் டாக்டரம்மா. இருந்தால், என்னைப் போல விழுவதற்கு முன்னாலேயே பிடித்துவிடலாமாம். நம் ஊர் ஆஸ்பத்திரியிலேயே பார்க்கிறார்கள். அவளைக் கூட்டிப்போய் ரத்தம் கொடுத்துவிட்டு வாருங்கள் அண்ணி. உங்களை இதற்கு மேல் ஒன்றும் கேட்கமாட்டேன்.

துர்கா


பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்
27.6.2004

துர்காவுக்கு நீலாம்பாள் எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. காது போனதைப் படித்து எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் திட்டப்போகிறேன்.

என் தம்பி கதிர்வேல் டி.பி.யில் போனான். போன ஆடிக்கு முந்தின ஆடி. இருமி இருமி, எலும்பும் தோலுமாக, என் மடியில் போனான். ஆஸ்பத்திரிச் சீட்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. இந்தத் தெருவில் யாரை நிறுத்திக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். இப்போது எவளோ ஒரு டாக்டர், நேற்றுப் படித்து முடித்தவள், உன் முதுகில் ஊசி குத்திவிட்டு, செத்துப்போன என் தம்பிக்கு வேறு வியாதி என்கிறாளா? சின்ன காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு அவ்வளவு தூரம் தெரிகிறதா அவளுக்கு? நீயும் தலையை ஆட்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறாய். நல்ல பொண்ணு போ!

குழந்தையை நான் எங்கேயும் கூட்டிப்போகமாட்டேன். ஏகாம்பரநாதர் கோயில் அம்மன் பேரை வைத்து, ஏலவார்குழலி ஏலவார்குழலி என்று வாய் நிறையக் கூப்பிட்டு வளர்த்த பிள்ளை. அவள் கையைக் குத்தி ரத்தம் எடுக்க நான் விடமாட்டேன். அந்த டெஸ்ட் எடுக்கிற அறை வாசலில் நின்றாலே போதும், பிள்ளையார்பாளையம் முழுக்கச் சேதி பரவிவிடும். நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார ஒரு பிள்ளை வராது.

அவளுக்கு ஒன்றும் இல்லை. நன்றாக ஓடுகிறாள், ஆடுகிறாள், என்னை எதிர்த்துப் பேசுகிறாள். உன்னைப் பார்க்க வருகிற உன் தம்பி உமாபதியிடம் பருப்புப்பொடி கொடுத்து அனுப்புகிறேன். ஆஸ்பத்திரிச் சோற்றில் அதைப் போட்டுத் தின்னு. முதலாளி வந்து புடவை என்ன ஆயிற்று என்று கேட்டார். உடம்பு சரியில்லை என்றேன். மேலே கேட்டார், வாசலைக் காட்டினேன்.

பாதி நெய்த பாவு தறியில் அப்படியே இருக்கிறது. இந்தப் பிள்ளை தானும் எழுத வேண்டும் என்று பென்சிலோடு நிற்கிறது. இடம் விட்டிருக்கிறேன்.

நீலாம்பாள்

அம்மா நல்லா இருக்கியா. நான் நல்லா இருக்கேன். அத்த தட்டு தனியா வெச்சிட்டுது. டம்ளர் தனி. பக்கத்துல படுக்கக் கூடாதாம். முத்தம் குடுக்கக் கூடாதாம். நீ எப்ப வருவ. குழலி.


சென்னை,
3.7.2004

அண்ணிக்கு,

அண்ணி என்று எழுதவே மனம் வரவில்லை. பழகின கை எழுதிவிட்டது.

குழந்தை எழுதியதை நீங்கள் படித்துப் பார்க்காமலேயே ஒட்டி அனுப்பிவிட்டீர்கள் போலிருக்கிறது. நான் படித்தேன். திரும்பத் திரும்பப் படித்தேன். தட்டு தனி. டம்ளர் தனி. பக்கத்தில் படுக்கக் கூடாது. ஆறு வயதுப் பிள்ளை அண்ணி அது! அப்பனும் இல்லை, அம்மாவும் பக்கத்தில் இல்லை. ராத்திரி கையை நீட்டினால் தொடுவதற்கு ஆள் வேண்டாமா?

உங்களை ஒன்று கேட்கிறேன். வியாதியே இல்லை என்றால் தட்டு எதற்குத் தனி? வியாதி இருக்கிறது என்று பயந்தால் ஏன் ரத்தம் பார்க்கக் கூட்டிப்போகவில்லை? தம்பி பேர் கெட்டுப்போகக் கூடாது, ஆனால் தம்பி மகள் மட்டும் நாய்க்கு வைப்பதுபோல் தனித் தட்டில் சாப்பிட வேண்டும், இதுதான் நியாயமா? ஊருக்குத் தெரிந்தால் பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காரமாட்டார்கள் என்று எழுதினீர்களே. ஊரார் அதைச் செய்வதற்கு முன்னால் வீட்டிலேயே நீங்கள் செய்துவிட்டீர்கள்.

இங்கே என் தட்டில் மணியம்மாள் கை போட்டு ஊறுகாய் எடுத்துக்கொள்கிறாள். எனக்கு என்ன வியாதி என்று அவளுக்குத் தெரியும். யாரோ எவளோ அவள்.

ஞாயிற்றுக்கிழமை தாமலிலிருந்து உமாபதி வருவான். குழலியின் துணிமணிகளை எடுத்து வையுங்கள். அவன் கூட்டிப்போய் ரத்தம் பார்த்துக்கொள்வான். அப்புறம் அவள் அங்கேயே இருக்கட்டும். நான் ஆஸ்பத்திரியை விட்டு வந்தாலும் தாமலில் என் பிறந்த வீட்டுக்குத்தான் போவேன். தறியில் இருக்கிற பாவை வேண்டுமானால் அறுத்து முதலாளியிடம் கொடுத்துவிடுங்கள்.

துர்காதேவி


காஞ்சிபுரம்,
4.7.2004

துர்கா,

உமாபதி வந்தான். உன் கடிதத்தை அவன்தான் கையில் கொடுத்தான். படித்தேன். குழந்தையைக் கொடு என்றான். "ஒரு கடுதாசி எழுதி முடிக்கறவரைக்கும் இருப்பா. ஒன் அக்கா அதப் படிச்சிட்டும் கூட்டிக்கினு வான்னு சொன்னா, நானே கொண்டாந்து தாமல்ல விடறேன்" என்று சொல்லி உட்கார வைத்திருக்கிறேன். மோர் குடித்துக்கொண்டிருக்கிறான். அவன் பொறுமைசாலி, உன்னைப் போல இல்லை.

தட்டு தனிதான். ஆனால் குழந்தையின் தட்டு இல்லையடி அது. என் தட்டு.

நாயென்று எழுதினாயே, அந்த நாய் நான்தான். அடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நான் தனியாகத் தின்கிறேன். என் டம்ளரை ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன், பிள்ளை தொடக்கூடாது என்று. அவள் உன் பாயில், உன் புடவையைப் போர்த்திக்கொண்டு படுக்கிறாள். நான் வாசற்படி ஓரமாகப் படுக்கிறேன். கையை நீட்டுகிறாள், நீட்டாமல் என்ன? நான்தான் தள்ளிப் படுத்துக்கொள்கிறேன். முத்தம் கொடுக்க வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். அது என்னைப் பார்க்கிற பார்வையைப் பார்த்தால் உனக்கே என்மேல் இரக்கம் வரும்.

ஏன் என்று கேட்கிறாயா? யோசித்துப் பார். நீ இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து நம் இரண்டு பேருக்கும் ஒரே தறி. நீ புடவையின் உடலுக்கு நாடா போடுகிறாய், நான் உன் வலது பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா போடுகிறேன். இழை அறுந்தால் என்ன செய்கிறோம்? வாயில் வைத்து எச்சில் தொட்டு, முறுக்கி ஒட்டுகிறோம். நீ வாயில் வைத்த முனையை நான் வாங்கி என் வாயில் வைக்கிறேன். ஒரு புடவைக்கு எத்தனை இழை அறுகிறது? எத்தனை புடவை நெய்தோம்? உன் எச்சில் எவ்வளவு என் வயிற்றுக்குள் போயிருக்கும்? உனக்கு இருக்கிறது என்றால் எனக்கும் இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க டாக்டர் எதற்கு?

அந்தப் பெண் வார்டில் அந்தக் கேள்வியைக் கேட்டபோதே எனக்கு இந்த இழைதான் ஞாபகம் வந்தது. அதனால்தான் அவ்வளவு கத்தினேன். பயந்தவள் கத்தாமல் என்ன செய்வாள்? குழந்தையைக் கூட்டிக்கொண்டு போனால் என்னையும் உட்கார வைத்துக் குத்துவார்கள். எனக்கும் இருக்கிறது என்று சொல்வார்கள். அப்புறம் இந்தப் பிள்ளையை என்னிடம் விட்டுவைப்பார்களா? நீ அங்கே, நான் எங்கேயோ. அதற்கு யார் தலை வாரிப் பின்னுவார்கள்?

என் உயிரைப் பற்றி ஒன்றும் இல்லை. உன்மேல் கோபமும் இல்லை. நீ தெரிந்தா கொடுத்தாய்? தம்பியும் தெரிந்தா கொடுத்தான்? பார், எழுதிவிட்டேன். தம்பிக்கு இருந்தது என்று என் கையாலேயே எழுதிவிட்டேன். அவனைக் குளிப்பாட்டிக் கிடத்தினவள் நான். வாயெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் புண். டி.பி.யில் வாயில் புண் ஏன் வருகிறது என்று அப்போதே நினைத்தேன். யாரைக் கேட்பது?

நேற்று சும்மா இருக்க முடியாமல் தறியில் உட்கார்ந்தேன். பாவில் ஒரு நீல இழை அறுந்தது. வாய்க்குக் கொண்டுபோனேன், கை நின்றுவிட்டது. தண்ணீரைத் தொட்டு ஒட்டினேன். இழுத்ததும் பிரிந்துவிட்டது.

உமாபதியிடம் என்ன சொல்லட்டும்?

நீலாம்பாள்


சென்னை,
11.7.2004

என் அண்ணிக்கு,

குழலி அங்கேயேதான் இருக்க வேண்டும். உங்கள் பக்கத்தில்தான் படுக்க வேண்டும். இதை முதலில் எழுதிவிட்டேன், மீதியை மெதுவாகப் படியுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்து நான் வாய்விட்டு அழுதேன் அண்ணி. எனக்குக் காது கேட்காததால் எவ்வளவு சத்தம் போட்டேன் என்று தெரியவில்லை. நர்ஸ் ஓடி வந்தாள். மணியம்மாள், என் வீட்டில் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்துத் தானும் அழ ஆரம்பித்துவிட்டாள். நான் உங்களைப் பற்றி எழுதியதை எல்லாம் கிழித்துப் போட்டுவிடுங்கள். நாய் என்கிற வார்த்தையை எழுதின கையை என்ன செய்தால் தகும்?

டாக்டரம்மா வந்ததும் கடிதத்தைக் காட்டினேன். எச்சில் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு தரம் படித்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பெரிய எழுத்தில், உங்களுக்குக் காட்டுவதற்கென்றே எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தக் காகிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். எச்சிலால் இது வராது. ஒரே தட்டில் தின்றால் வராது. ஒரு டம்ளரில் குடித்தால் வராது. முத்தம் கொடுத்தால் வராது. பக்கத்தில் படுத்தால் வராது. கீழே கோடு போட்டு, "பட்டு இழையாலும் வராது" என்று எழுதியிருக்கிறார் பாருங்கள்.

அப்புறம் என்ன தோன்றியதோ, சிரிக்க ஆரம்பித்துவிட்டார். என் வலது காதில் வாயை வைத்துக் கத்தினார். "எங்க அம்மா பூஜைக்குன்னு மடியா ஒரு பட்டுப் புடவை வெச்சிருக்கா. யாரையும் தொட விடமாட்டா. அதுல முழுக்க உங்கள மாதிரி நெய்யறவா எச்சிலா?" ஆமாம் என்று தலையாட்டினேன். கோயிலில் அம்மனுக்குச் சாத்துகிற புடவையும் அப்படித்தான் என்றேன். எச்சிலில் இது பரவுமானால் காஞ்சிபுரத்தில் ஒருத்தர் மிஞ்சமாட்டார்கள் என்று அவர் சொன்னதாக நினைக்கிறேன், பாதிதான் கேட்டது. காய்ச்சல் வந்த பிறகு அன்றைக்குத்தான் நான் சிரித்தேன்.

எனக்கு மாத்திரை ஆரம்பித்துவிட்டார்கள். இப்போது சர்க்காரே இலவசமாகக் கொடுக்கிறது. ஆயுள் முழுக்க, காலையும் மாலையும், ஒரு வேளைகூட விடக்கூடாது. உங்கள் தம்பி இருந்தபோது இது இப்படிக் கிடைக்கவில்லை. அதை நினைத்தால் மாத்திரை தொண்டையில் நிற்கிறது, ஆனாலும் விழுங்குகிறேன்.

அண்ணி, ஒன்று சொன்னால் பைத்தியம் என்பீர்கள். அந்தக் கிருமிக்கு நான் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன். சாதாரணக் காய்ச்சலாக வந்திருந்தால் ஊசி போட்டு அனுப்பியிருப்பார்கள். நானும் கொஞ்சம் கொஞ்சமாக இளைத்து, இருமி, டி.பி. என்று பேர் வாங்கிக்கொண்டு அவர் பின்னாலேயே போயிருப்பேன். யாருக்கும் வராதது எனக்கு வந்ததால்தான் ஒருத்தர் நின்று ஏன் என்று கேட்டார். பங்காளி சண்டைக்கு வந்து, வீட்டுக்குள் ஒளிந்திருந்த திருடனைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆயிற்று.

இனிமேல் உங்களைக் கட்டாயப்படுத்தமாட்டேன். ஆனால் ராத்திரி கண்ணை மூடினால் குழலியின் முகம்தான் வருகிறது.

துர்கா


காஞ்சிபுரம்,
25.7.2004

அன்புள்ள துர்காவுக்கு,

உன் அண்ணி எழுதுவது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனேன்.

டாக்டர் எழுதிக் கொடுத்த காகிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டு போனேன், யாராவது ஏதாவது சொன்னால் மூஞ்சியில் காட்டலாம் என்று. ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. அந்த அறையில் அலமு என்று ஓர் அம்மா, சாந்தமாகப் பேசினாள். பேர் கேட்டாள், வயது கேட்டாள். அப்புறம், "கொழந்தையோட அப்பா எதுல தவறினாரும்மா?" என்று கேட்டாள்.

டி.பி. என்றுதான் வாயில் வந்தது. இரண்டு வருஷமாகச் சொல்லிப் பழகின வாய் இல்லையா? குழலி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றது. அதைப் பார்த்தேன். "எச்.ஐ.வி.மா. என் தம்பிதான். அப்ப எங்களுக்குத் தெரியல. யாரும் கேக்கல" என்றேன். சொல்லிவிட்டேன் துர்கா. சொன்னால் அவன் பேர் கெட்டுவிடும் என்று நினைத்திருந்தேன். சொன்னதும் எனக்கு அவன்மேல் பாசம்தான் வந்தது. அவன் என்ன பாடு பட்டான் என்று இப்போதுதான் ஒருத்தரிடம் நிஜமாகச் சொன்ன மாதிரி இருந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவள் கைக்குட்டை கொடுத்தாள்.

குழந்தைக்கு எடுத்தார்கள். "எனக்கும் எடு" என்று கையை நீட்டினேன். உங்களுக்கு வேண்டாமே அம்மா, எச்சிலில் வராது என்றாள். "அதெல்லாம் காயிதத்துல படிச்சிட்டேன். எடுன்னா எடு" என்றேன். எடுத்தாள். குழலி அழவில்லை. நான்தான் கத்தினேன்.

முடிவு வாங்கப் போனபோது காமாட்சியம்மன் கோயிலில் ஒரு தேங்காய் உடைத்துவிட்டுத்தான் போனேன். அலமு காகிதத்தை எடுத்துப் படித்தாள். குழலிக்கு இல்லை துர்கா! இல்லை! இன்னொரு தரம் படி என்றேன், படித்தாள். பேரைச் சேர்த்துப் படி என்றேன். ஏலவார்குழலி, தகப்பன் பேர் கதிர்வேல், இல்லை. எனக்கும் இல்லை. இத்தனை வயதில் எனக்கு ஒரு டெஸ்டில் இவ்வளவு சந்தோஷம் வரும் என்று யார் கண்டது?

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அதன் கன்னத்தைக் கடித்துக்கொண்டே வந்தேன். "வலிக்குது அத்த, வுடு" என்று அலறுகிறது. இத்தனை நாள் பாக்கியை வேறு எப்போது தீர்ப்பது?

நீ கிருமிக்கு நன்றி சொன்னதைப் படித்து முதலில் உன்னைப் பைத்தியம் என்றுதான் நினைத்தேன். அப்புறம் யோசித்தேன். உனக்கு வந்த அந்த அபூர்வக் கிருமி என் தம்பிக்கு வந்திருக்கக் கூடாதா? வந்திருந்தால் அவனையும் யாராவது நின்று பார்த்து ஏன் என்று கேட்டிருப்பார்களே. அவன் ஊரோடு ஒத்த வியாதியாக வாங்கிக்கொண்டான். ஒருவரும் கேட்கவில்லை. அவனுக்குக் கிடைக்காதது உனக்குக் கிடைத்தது. அதனால் நானும் அந்தக் கிருமியைக் கும்பிட்டுவிட்டேன். சின்ன காஞ்சிபுரத்துப் பெண்ணிடம் நான் அன்றைக்குக் கத்தியதை மறந்துவிடச் சொல். அவள் கல்யாணத்துக்கு நம் தறியில் ஒரு புடவை நெய்து கொடுக்கலாம். எச்சில் தொட்டுத்தான் நெய்வோம், அவள் அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

காதைப் பற்றிக் கவலைப்படாதே. தறியில் நான் எப்போதும் உன் வலது பக்கத்தில்தானே உட்காருகிறேன். உனக்குக் கேட்கிற காது அதுதான். என் தொண்டைக்கு அது தாராளமாகப் போதும்.

நான் தண்ணீரில் ஒட்டின நீல இழை பிரிந்துவிட்டது என்று எழுதினேனே, அதை அப்படியே வைத்திருக்கிறேன். முதலாளி இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டுப் போனார். ஒரு முனையை நான் எச்சில் தொட்டு முறுக்கி வைத்திருக்கிறேன். மற்ற முனையை நீ வந்து உன் வாயில் வைத்து நனைத்துக் கொடு. உன் வாயிலிருந்து வாங்கி என் வாயில் வைத்துத்தான் அதை ஒட்டப்போகிறேன். அதுவரைக்கும் இந்தத் தறியில் ஒரு ஊடை இழைகூட ஓடாது. சீக்கிரம் வா.

உன் அண்ணி
நீலாம்பாள்

அம்மா, அத்த டம்ளர் ஆணில இல்ல. இன்னிக்கு நான் அத்த தட்டுல சாப்ட்டேன். அத்த எனக்கு ஊட்டிச்சி. மீதிய அத்த சாப்ட்டுது. குழலி.